ஆங்கிலத்தை முடித்துவிட்டுத்தான் அக்கவுண்டிங்கா? – ஃப்ரீமாண்ட் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: கோவையில் பி.காம். முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் 7 வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். டேலி, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். எல்லாம் கைப்பழக்கம். போன அக்டோபரில் கணவரோடு கலிஃபோர்னியா வந்தேன். எச்-4 விசா (எச்-1பி ஊழியரின் துணைக்குக் கிடைப்பது). ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) இல்லை, கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் படிக்க, எழுத வரும். ஃபோனை எடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கம்யூனிட்டி காலேஜ் பட்டியலில் ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கான ஆங்கில வகுப்பு), பிசினஸ் கம்யூனிகேஷன், அக்கவுண்டிங் சர்டிஃபிகேட், பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டிகிரி என்று வரிசையாக இருக்கிறது. ஆங்கிலத்தை முடித்துவிட்டுக் கணக்குக்குப் போ என்கிறார் கணவர். பி.காம். படித்துவிட்டு மறுபடி முதல் பாடத்திலிருந்தா? ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது, சேர்ந்துவிடலாமா? மகனுக்கு 5 வயது.

பதில்: சேரலாம். ஆனால் எல்லா வகுப்பிலும் இந்த ஆகஸ்டிலேயே சேராதீர்கள். முதலில் தேதியைப் பேசிவிடுவோம், உங்கள் செலவு முழுக்க அதில்தான் தொங்குகிறது.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர். 2012 கோடைப் பருவத்திலிருந்து இதே தொகைதான். மாநிலவாசி அல்லாதவர் இதற்கு மேல் நான்ரெசிடென்ட் டியூஷன் என்று தனியாகக் கட்ட வேண்டும். அது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும், பெரும்பாலும் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். 4 யூனிட் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலவாசிக்கு 184 டாலர். மற்றவருக்கு 300 என்று குறைத்து வைத்தாலே 1,384. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், 1,200 டாலர் வித்தியாசம்.

மாநிலவாசி ஆக, பருவம் தொடங்கும் நாளுக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே இருந்திருக்க வேண்டும். இங்கேயே தங்கும் எண்ணம் இருந்ததற்கான காகிதமும் வேண்டும். எச்-4 விசா இதற்குத் தடை இல்லை. பலர் “விசாவில் இருக்கிறோம், நமக்கு எப்படி ரெசிடென்சி கொடுப்பார்கள்” என்று கேட்காமலே கூடுதல் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் வந்தது அக்டோபர். ஆகஸ்டில் 10 மாதம்தான் ஆகியிருக்கும். ஜனவரிக் கடைசியில் தொடங்கும் ஸ்பிரிங் பருவத்தில் 15 மாதம். ஆகவே யூனிட் உள்ள வகுப்புகள் ஜனவரியில்.

அதற்குள் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பல மனைவிமார் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்: வீட்டு வாடகை ஒப்பந்தம், பேங்க் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் கணவர் பெயரில் மட்டும் இருக்கும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், கூட்டுக் கணக்கு திறங்கள், கலிஃபோர்னியா ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ எடுத்துவிடுங்கள். வந்த மாதத்துக்கு எவ்வளவு நெருங்கிய தேதியிட்ட காகிதம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அப்படியானால் ஆகஸ்டில் சும்மா இருப்பதா? இல்லை. இதே கல்லூரிகளில் நான்கிரெடிட் என்று இன்னொரு வாசல் இருக்கிறது. யூனிட் கிடையாது, கட்டணமும் கிடையாது, மாநிலவாசியா என்ற கேள்வியும் அங்கே பணமாக மாறாது. ஈ.எஸ்.எல்., வேலைக்கான ஆங்கிலம், கம்ப்யூட்டர், சில இடங்களில் புக்கீப்பிங், டேலி மாதிரி இங்கே ஓடும் கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸ்கூட அந்த வாசலில் உண்டு. உங்கள் ஊர் அடல்ட் ஸ்கூல் பட்டியலையும் பாருங்கள். ஆகஸ்டில் இங்கிருந்து ஒரு பேச்சு வகுப்பு, கிடைத்தால் ஒரு குவிக்புக்ஸ் வகுப்பு. இரண்டையும் ஒரே பருவத்தில் எடுங்கள் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். உங்கள் கணவர் சொல்லும் வரிசை கேட்கச் சரியாக இருக்கும், ஆனால் ஈ.எஸ்.எல். படிக்கட்டை அடியிலிருந்து உச்சிவரை ஏறினால் இரண்டு வருடம் ஓடிவிடும், அதன் முடிவிலும் “இந்த இன்வாய்ஸ் ஏன் இன்னும் கட்டவில்லை” என்று ஒரு வாடிக்கையாளரிடம் ஃபோனில் கேட்க வராது. அந்த ஆங்கிலம் கணக்கு வகுப்புக்குள்தான் இருக்கிறது.

ஈ.எஸ்.எல். உங்களுக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு: முழுதாக வேண்டாம், பாதி வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் படிப்பும் எழுத்தும் ஒரு தடம், கேட்பதும் பேசுவதும் இன்னொரு தடம், உச்சரிப்பு தனி வகுப்பு. நீங்கள் முதல் தடத்தைத் தொடவே வேண்டியதில்லை. சேரும்போது பல கல்லூரிகள் பரீட்சை வைக்காமல், மாதிரிப் பாடங்களைக் காட்டி உங்கள் நிலையை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொல்லும். நம்மவர்கள் இங்கே இலக்கணத்தை வைத்துத் தங்களை அளந்து உச்ச நிலையைத் தேர்ந்துவிட்டு, குழு விவாதத்தில் வாயடைத்து உட்கார்ந்திருப்பார்கள். எழுத்து அறிவை அல்ல, ஃபோனில் நடப்பதை நினைத்து நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் தொழிலில் எங்கே இடிக்கும் என்பதையும் குறிப்பாகச் சொல்லிவிடலாம். முதல் இடம் எண். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நாம் எல்லா அசையிலும் ஒரே அழுத்தம் வைத்துச் சொல்கிறோம். அமெரிக்கக் காது அழுத்தத்தை வைத்துத்தான் பிரிக்கிறது: ‘டீன்’ மேல் அழுத்தி நீட்டினால் 15, ‘ஃபிஃப்’ மேல் அழுத்தி முடிவைச் சுருக்கினால் 50. தொகையைச் சொன்ன கையோடு “ஒன் ஃபைவ்” என்று இலக்கமாகவும் ஒருமுறை சொல்லிப் பழகுங்கள். 5,515 டாலர் பில் 5,550 ஆகப் பதிவாவது இப்படித்தான். “டபுள் ஃபைவ்” இங்கே பாதிப் பேருக்குப் பிடிபடாது. “ஃபைவ் ஃபைவ்” என்றே சொல்லுங்கள். 1,500-ஐ அவர்கள் “ஃபிஃப்டீன் ஹண்ட்ரட்” என்பார்கள், 1,215 டாலர் 50 சென்ட்டை “ட்வெல்வ் ஃபிஃப்டீன் ஃபிஃப்டி” என்று ஓட்டிவிடுவார்கள். கமாவும் மாறும்: கை பழக்கத்தில் 1,00,000 என்று போட்டால் பார்ப்பவர் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிற்று என்று நினைப்பார். தேதியில் மாதம் முதலில் வரும். 04/07 ஏப்ரல் 7.

இரண்டாவது இடம் வ. வெண்டர், வேஜஸ் இரண்டையும் நாம் ஒரே வ-வில் தொடங்குகிறோம். வெண்டருக்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். வேஜஸுக்குப் பல் படாமல் உதடு குவிய வேண்டும். கண்ணாடி முன் ஒரு வாரம் போதும். மூன்றாவது, நம்மூர் அலுவலக ஆங்கிலம். “ஐ ஹேவ் எ டவுட்” என்றால் சந்தேகம் கேட்பதாக நாம் நினைக்கிறோம்; எதிரில் இருப்பவருக்குத் தன் பேச்சை நம்பவில்லை என்று கேட்கும். “ஐ ஹேவ் எ கொஸ்டின்” போதும். “டூ த நீட்ஃபுல்”, “ப்ரிபோன்” எல்லாம் இங்கே செல்லாக்காசு.

இனி, மறுபடி முதல் பாடமா என்ற கேள்வி. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கை எடுங்கள் என்பதுதான் என் கருத்து. உங்களுக்குக் கணக்கு தெரியும். இந்த ஊர்க் கணக்கின் பேச்சும் அடுக்கும் தெரியாது. பர்சனல், ரியல், நாமினல் என்ற மூன்று பொன்விதிகளை இங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. சொத்து சமம் கடன் கூட்டல் உரிமையாளர் பங்கு என்ற ஒரு சமன்பாட்டிலிருந்துதான் ஒவ்வொரு பதிவும் பிறக்கும். விடை ஒன்றுதான், ஆனால் வகுப்பில் “ஏன் டெபிட்?” என்று கேட்டால் “வருவதைப் பற்று வை” என்ற பதில் எடுபடாது. பேலன்ஸ் ஷீட்டில் நம்மூர் கம்பெனிப் படிவத்தின் சொத்துப் பகுதி நிலையான சொத்தில் தொடங்கும். இங்கே ரொக்கம் முதல் வரி, சீக்கிரம் பணமாகக்கூடியது மேலே.

சொற்கள் இன்னும் மோசமாகக் காலை வாரும். சண்ட்ரி டெட்டர்ஸ் இங்கே அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள், கிரெடிட்டர்ஸ் அக்கவுண்ட்ஸ் பேயபிள், பில்ஸ் ரிசீவபிள் என்பது நோட்ஸ் ரிசீவபிள், பி அண்டு எல் அக்கவுண்ட் இன்கம் ஸ்டேட்மென்ட். இவை மனப்பாடம் செய்தால் தீர்ந்துவிடும். தீராதவை ஒரே சொல் வேறு பொருளில் வருபவை. ஸ்டாக் என்றால் நமக்குச் சரக்கு. இங்கே சரக்கு இன்வென்டரி, ஸ்டாக் என்றால் பங்கு. “கம்பெனி 50,000 டாலருக்கு காமன் ஸ்டாக் வெளியிட்டது” என்ற கேள்வியை அவசரத்தில் படித்தால் கை தானாக விற்பனையை வரவு வைக்கும். வரவு வைக்க வேண்டியது காமன் ஸ்டாக் கணக்கில். டர்ன்ஓவர் என்று தனியாகச் சொன்னால் இங்கே பலர் நினைப்பது ஆட்கள் வேலையை விட்டுப் போவதை.

பாடத்திலேயே புதிதாகவும் சில உண்டு. நம்மூர் கணக்குத் தரங்களில் லைஃபோ முறைக்கு (கடைசியில் வந்த சரக்கு முதலில் விற்றதாக வைப்பது) அனுமதி இல்லை. இங்கே உண்டு, கேள்வியும் வரும். சேல்ஸ் டாக்ஸ் ஜி.எஸ்.டி. மாதிரி அல்ல: கடைசியாக வாங்குபவரிடம் மட்டும் ஒரே தடவை வசூல், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் என்ற பேச்சே இல்லை. மறுவிற்பனைக்கு வாங்குபவர் ரீசேல் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் வாங்குவார். சம்பளப் பதிவில் சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம் ஊழியரிடம் பிடித்து, அதே அளவு முதலாளியும் போட வேண்டும். முதலாளி பங்கைச் செலவாகப் பதிய மறப்பது பே ரோல் (சம்பளக் கணக்கு) வகுப்பில் பெரும்பாலோர் செய்யும் முதல் தப்பு.

குவிக்புக்ஸைப் பற்றி ஒன்று. டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல் என்று வவுச்சராக யோசித்துப் பழகியவர்கள் இதில் ஜர்னலைத் தேடிப் போவார்கள். போகாதீர்கள். இது படிவத்தால் ஓடும் மென்பொருள்: இன்வாய்ஸ், அதன் மேல் ரிசீவ் பேமென்ட், அதன் மேல் டெபாசிட். பேங்கிலிருந்து தானாக இறங்கும் வரவைப் பார்த்ததும் நேரே வருமானத்தில் சேர்த்துவிட்டால், இன்வாய்ஸ் போட்டபோதே ஏறிய வருமானம் இரண்டாவது தடவை ஏறும். இன்வாய்ஸும் வசூலாகாமல் அப்படியே நிற்கும். வருமானம் இரட்டிப்பாக, பாக்கியும் மலையாக ஒரு கம்பெனிக் கணக்கைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

டிகிரியை விட்டுவிடுங்கள். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் அசோசியேட் டிகிரி 60 யூனிட். அங்கிருந்து கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குத் தாவி இளங்கலை முடிக்க நினைப்பவருக்கானது. உங்களிடம் இளங்கலை இருக்கிறது. அக்கவுண்டிங் சர்டிஃபிகேட் சரி, அதிலும் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், குவிக்புக்ஸ், பே ரோல், இன்கம் டாக்ஸ் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜீரியல் அக்கவுண்டிங், பிசினஸ் லா போன்றவை புக்கீப்பர் வேலைக்கு அவசரமில்லை. சி.பி.ஏ. (நம்மூர் சி.ஏ. மாதிரி உரிமம்) எண்ணம் இருந்தால் கதை வேறு: முதலில் இந்திய மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து வாங்கி, குறையும் யூனிட்டுக்கு மட்டும் வகுப்பு எடுக்க வேண்டும். மூன்று வருட பி.காமை ஒரு நிறுவனம் முழு டிகிரியாகவும் இன்னொன்று மூன்று வருடப் படிப்பாகவும் மதிப்பிடும். யார் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்கம் டாக்ஸ் வகுப்பை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் காசு வாங்கிக்கொண்டு மற்றவருக்கு வரிப் படிவம் தயாரிக்க, சி.பி.ஏ. போன்ற தகுதி இல்லாதவர், வரிப் படிவம் தயாரிப்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான சி.டி.இ.சி.யில் பதிய வேண்டும். அதற்கு 60 மணி நேரப் படிப்பு: 45 மத்திய வரி, 15 மாநில வரி. கூடவே 5,000 டாலர் பாண்டும் (பிணைப் பத்திரம்), மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வரி தயாரிப்பவருக்குத் தரும் பி-டின் எண்ணும். சில கம்யூனிட்டி காலேஜ் வரி வகுப்புகள் இந்த 60 மணி நேரத்துக்குச் செல்லும், சில செல்லாது. வகுப்பு விவரத்திலேயே எழுதியிருக்கும்.

பிசினஸ் கம்யூனிகேஷன் வகுப்பு முழுக்க மெமோ, ஈமெயில், ரிப்போர்ட் எழுத்து. உங்கள் குறை அதுவல்ல. அந்த யூனிட்டை பப்ளிக் ஸ்பீக்கிங்கில் போடுங்கள். இப்போது மாநிலம் முழுக்கப் பொதுவான பாட எண் வந்திருக்கிறது, சி.ஓ.எம்.எம். சி1000 என்று தேடினால் கிடைக்கும். ஐந்து நிமிடம் நின்று பேசி, உட்கார்ந்து, திருத்தம் கேட்டு, மறுபடி நிற்பதுதான் வகுப்பே. பயமாக இருக்கும், பரவாயில்லை, ஆனால் முதல் பருவத்தில் வேண்டாம்.

விண்ணப்பம் இலவசம், ஆன்லைனில் சி.சி.சி. அப்ளை என்ற தளம் வழியாக. அதில் இரண்டு கண்ணிகள். “இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்” என்ற படிவத்தைத் தொடாதீர்கள். அது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவருக்கு. தொட்டால் டோஃபெல், பேங்க் சான்று, ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) என்று இழுத்துக்கொண்டே போகும். எச்-4-இல் இருப்பவர் ஐ-20 இல்லாமலே பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ படிக்கலாம். சாதாரண படிவத்தில் விசா வகையாக எச்-4 என்று குறித்தால் போதும். (பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்து தங்கியிருக்கும் மாமியாரையும் சேர்த்து அழைத்துப் போக ஆசை வரும். அந்த விசாவில் படிப்பில் சேர அனுமதி இல்லை. அவர் நூலகத்து உரையாடல் குழுவுக்கு வரட்டும்.) இரண்டாவது கண்ணி பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் போடுங்கள். இனிஷியலா, அப்பா பெயரா, கணவர் பெயரா என்று இடத்துக்கு ஒன்றாக எழுதினால், கல்லூரி ஆவணமும் மதிப்பீட்டுச் சான்றும் இரண்டு ஆட்களுடையதாக நிற்கும்.

சேர்ந்த பிறகு கவுன்சலரைப் பார்த்து எஜுகேஷன் பிளான் போட்டுவிடுங்கள். ஓரியன்டேஷனும் பிளானும் முடித்தவருக்குப் பதிவுத் தேதி முன்னால் வரும். முடிக்காதவருக்கு மாலை நேர வகுப்பெல்லாம் நிறைந்த பிறகு வரும். நிறைந்திருந்தாலும் வெயிட்லிஸ்ட்டில் போட்டுவிட்டு முதல் நாள் போய் உட்காருங்கள், இடம் காலியானால் ஆசிரியர் வகுப்பில் சேர்வதற்கான ஆட் கோட் தரக்கூடும். ரெசிடென்சி மாநிலத்துக்கானது என்பதால் உங்கள் ஊரில் இடமில்லை என்றால் வேறு கல்லூரியின் ஆன்லைன் வகுப்பையும் 46 டாலருக்கே எடுக்கலாம். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற கல்லூரிகள் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடச் சின்னப் பருவங்கள்): யூனிட்டுக்கு 31 டாலர், ஆனால் அந்த யூனிட் செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். மலிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆன்லைன் வகுப்பில் முதல் வாரம் வெறுமனே பதிந்துவிட்டு இருக்கக் கூடாது. பொய்ப் பெயரில் சேர்பவர்கள் தொல்லை அதிகமானதால், முதல் சில நாட்களில் அறிமுகப் பதிவோ முதல் வேலையோ போடாதவரை ஆசிரியர் நீக்கிவிடுவார். பாதியில் முடியாது என்று தோன்றினால் நீங்களே உள்ளே போய் டிராப் செய்யுங்கள். ஆரம்ப வாரங்களுக்குள் செய்தால் பதிவே இருக்காது, பிறகு செய்தால் டபிள்யூ (பாதியில் விலகினார் என்ற குறி) விழும், போகாமல் நின்றுவிட்டால் எஃப் விழும். நம்மூர் மாதிரி வராவிட்டால் தானாகப் பெயர் அடித்துவிடுவார்கள் என்ற நினைப்பில் எஃப் வாங்கியவர்கள் நிறைய. ஒரே வகுப்பில் மூன்று தடவைக்கு மேல் பொதுவாகச் சேர முடியாது, டபிள்யூவும் ஒரு தடவையாகக் கணக்கு.

மகன் சிறியவன் என்பதால் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம், வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து. 4 யூனிட் என்றால் 12 மணி. அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்கும் லேட் ஸ்டார்ட் வகுப்பு கவர்ச்சியாக இருக்கும். வாரம் 24 மணி நேரம் விழுங்கும். ஜனவரியில் நீண்ட செமஸ்டராகப் பார்த்து அக்கவுண்டிங்கை ஆன்லைனிலும், பேச்சு வகுப்பை நேரிலும் எடுங்கள். பேச்சை மியூட்டில் படிக்க முடியாது. புத்தகத்தில் பணம் வீணாகாமல் இருக்க, வகுப்பு அட்டவணையில் ‘ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்’ என்ற குறி இருக்கிறதா பாருங்கள். அக்கவுண்டிங்கில் பல ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தைப் பதிப்பகத்தின் தளத்தில் வைப்பார்கள். அந்த ஆக்சஸ் கோட் 100 டாலரைத் தாண்டும், பழைய புத்தகத்தோடு வராது.

வேலை விஷயம். சர்டிஃபிகேட்டுக்கான சில பாடங்களில் இன்டர்ன்ஷிப், வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் என்று இருக்கும். ஈ.ஏ.டி. கைக்கு வரும் வரை அவற்றைத் தொடாதீர்கள். சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. இப்போதுள்ள விதிப்படி கணவரின் ஐ-140 ஒப்புதலான பிறகு நீங்கள் ஈ.ஏ.டி.க்கான ஐ-765 படிவம் போடலாம். அந்தப் பாடத்தைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளி வைத்தால் இரண்டும் ஒத்துவர வாய்ப்பு உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது இங்கே இல்லை, கோவையில் இருக்கிறது. மேலே சொன்ன பி.காம். மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக, உறையை ஒட்டி முத்திரை வைத்து அனுப்பிய மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். உங்கள் கையிலுள்ள அசல் போதாது. வீட்டில் ஒருவர் நேரில் போய்ப் பணம் கட்டி, ரசீது வாங்கி, மறுபடி போய் விசாரித்தால்தான் அந்த உறை நகரும். அப்பாவையோ தம்பியையோ இப்போதே அனுப்பிவையுங்கள்; டிகிரி சான்றிதழில் இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஃபோட்டோ எடுத்து அனுப்பவும் சொல்லுங்கள்.